காதில் விழுந்த நாளிலிருந்து

ஆகஸ்ட் 24, சனி

முப்பத்திரண்டு வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துப் புள்ளிகள். மண்டபக்காரர் தந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மழை விழத் தொடங்கிய குளம்.

அக்காவின் கலியாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள். வருகிற முந்நூற்றிருபது பேரையும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே இருத்துவது என்ற வேலை என்னுடையது. படித்து முடித்துவிட்டு வீட்டில் இருப்பவனுக்குக் கொடுக்கக்கூடிய வேலை. அழைப்பிதழில் 'வருகையை உறுதிப்படுத்த' என்ற வரிக்குக் கீழே இருப்பது என் தொலைபேசி எண். ஒருவரும் உறுதிப்படுத்துவதில்லை. நானே எடுத்துக் கேட்டால், பாப்பம் தம்பி என்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்டால், நாங்கள்தானே என்கிறார்கள்.

மஞ்சள் சிறுதாள்களில் பெயர் எழுதி ஒட்டுகிறேன். ஒவ்வொரு தாளை ஒட்டும்போதும் யாரோ பெருமூச்சோடு வந்து அமர்வது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

அம்மாவுக்கு எல்லாக் கோபங்களும் மனப்பாடம். யார் யாருடன் பேசுவதில்லை, எந்த ஆண்டிலிருந்து, எந்தப் பெண் பெரியவளான சாமத்தியச் சடங்கில் தொடங்கியது. நான் வட்டங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் வாழும் ஸ்காபரோ முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறது.

மேசைகளுக்கு எண் போட்டால் மூன்றைப் பார்த்து ஒன்பது கோபிக்கும் என்று பூக்களின் பெயர் வைத்தோம். இன்று அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா, பூமணி மாமி, தொலைபேசியில் வந்தார். நலம் விசாரித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, செவ்வந்தி மணவறையிலயிருந்து எத்தினை அடி?"

எண்களுக்கே திரும்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இருபத்திமூன்றாம் மேசை. தூணுக்குப் பின்னால், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில். அங்கே மூன்று புள்ளிகளில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். 'சி. குகநாதன் – 3.'

சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. நோர்வேயில், பேர்கன் நகரத்தில் இருக்கிறார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு நோர்வேப் பெண்ணைக் கலியாணம் செய்துவிட்டு அதை ஒரு கடிதத்தில் அறிவித்தார். அப்பா அதற்குப் பதில் எழுதவில்லை. நல்லது கெட்டது ஒன்றுக்கும் இனிப் போக்குவரத்து இல்லை என்று ஒருவரிடம் சொல்லியனுப்பினார். அவ்வளவுதான். சண்டை என்று சொல்லக்கூடிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் படிப்பு அலுவலாக ஐரோப்பா போனபோது பேர்கனில் இறங்கினேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று நாளும் மழை. சித்தப்பா மீன் குழம்பு வைத்தார். "அண்ணை இப்பவும் சீனியைக் கையில வச்சு நக்கி நக்கித்தான் தேத்தண்ணி குடிக்கிறவரோ?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

அழைப்பிதழை அனுப்பியது நான். வருகிறோம் என்று ஒரு வாரத்திலேயே பதில் வந்தது. முந்நூற்றிருபது பேரில் முதலாவதாக உறுதிப்படுத்தியவர் அவர்தான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு, கூட்டத்துக்குள், தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்தால் என்ன நடக்கும் என்று யோசிப்பேன். யோசனை எப்போதும் அவர் எழுந்து நிற்பதோடு நின்றுவிடும்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

மாப்பிள்ளை நிரோஜனும் அவருடைய தாயும் வந்திருந்தார்கள். போன வருடம் நடந்திருக்கவேண்டிய கலியாணம் இது. நிரோஜனின் தகப்பன் இறந்ததால் தள்ளிப்போனது. இன்றும் அந்த அம்மா அதையே சொன்னார், மெதுவாக, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு: இன்னொருக்காத் தடைப்பட்டால் கடவுளுக்கே விருப்பமில்லை எண்டு விட்டுடுவம்.

மயூரி அக்கா சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய் நீண்ட நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு அழைப்பு. நோர்வே எண். சித்தப்பாவின் மகள் லீனா. பத்தொன்பது வயது. நாங்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். இன்று எழுதி வைத்து வாசிப்பது போலத் தமிழில் சொன்னாள்.

"நாங்கள் மூண்டு பேரும் வரேல்லை. அப்பா செத்துப்போட்டார்."

விடியற்காலையில். நெஞ்சுவலி. உடுப்புப் பெட்டி அடுக்கியாகிவிட்டதாம். அடக்கம் அடுத்த வியாழக்கிழமை. பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள் என்றாள். சொல்லுகிறேன் என்றேன்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய புல்லின் மணம் வீட்டுக்குள் வந்தது. அப்பா மாடியில் கலியாணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். டக், டக், டக்.

நான் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று எழுதி வைக்கிறேன், எனக்காக. கூடப்பிறந்தவன் செத்தால் குடும்பத்துக்கே முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அப்பா மணவறையில் ஏற முடியாது. அக்காவைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாது. துடக்குக் கழிய புரட்டாதி. புரட்டாதியில் கலியாணம் இல்லை. பிறகு நிரோஜனின் தாய், தேநீர்க் கோப்பை, கடவுளின் விருப்பம்.

ஆனால் துடக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. அது சாவு காதில் விழுந்தால்தான் தொடங்கும். விழாதவரைக்கும் ஒன்றுமில்லை. எங்கள் சனம் இதை நன்றாக அறியும். தாலி ஏறும்வரை செய்தியை மடியில் கட்டி வைத்திருந்தவர்களின் கதைகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கின்றன.

அப்பாவின் காதில் விழவில்லை. அம்மாவின், அக்காவின் காதில் விழவில்லை. இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் விழுந்திருக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மானிடவியலில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

செப்டெம்பர் 4, புதன்

மதியம் மீன் பொரியல். பசிக்கவில்லை. சோறும் பருப்பும் மட்டும்.

ஷேவ் எடுக்கவில்லை. நேரமில்லை.

அம்மா சாமியறையிலிருந்து குத்துவிளக்கை எடுத்து வரச் சொன்னா. ஒரு அழைப்பு வருகிறது என்று வெளியே போய் நின்றேன். அழைப்பு எதுவும் வரவில்லை.

பூமணி மாமிக்குப் பாரிசிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கியிருக்கிறார்களாம். மூன்று இடம் வேண்டும். இருபத்திமூன்றாம் மேசைத் தாளை உரித்தேன். சுலபமாக வந்தது. அந்த இடத்தில் பாரிசுக்காரரின் பெயர். உரித்த தாளைக் குப்பையில் போடாமல் வரைபடத்தின் ஓரத்தில், எந்த வட்டத்துக்கும் வெளியே ஒட்டினேன்.

பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மண்டபம் முழுக்கத் தண்ணீர். மேசைகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துப் பேரோடு மெல்லச் சுழன்று போகிறது. ஒருவரும் பயப்படவில்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்.

செப்டெம்பர் 5, வியாழன்

மண்டபக்காரருக்கு இன்று மதியத்துக்குள் இறுதிப் பட்டியல் போகவேண்டும். பத்து மணிக்கு அப்பா வந்து மேசைக்கு எதிரே நின்றார். முதன்முறையாக.

"தம்பி, உந்தப் படத்தை ஒருக்காக் காட்டு."

காட்டினேன். விரலால் வட்டம் வட்டமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார்.

"இது ஆர் எழுதினது?"

நான் என்றேன். அழைப்பிதழ் அனுப்பியதையும் சொன்னேன். வருகிறோம் என்று பதில் வந்ததையும் சொன்னேன். இரண்டும் உண்மை. அங்கே நிறுத்திவிட்டேன்.

அப்பா வெகுநேரம் தாளையே பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கோபித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ரெண்டு கிழமையா நானும் யோசிக்கிறன். அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை," என்றார். பிறகு: "பிள்ளைக்கு என்ன பேர்?"

"லீனா."

"லீனா," என்றார். சொல்லிப் பார்க்கிற மாதிரி. "ஏன் வெளியில ஒட்டி வச்சிருக்கிறாய்? முதலாம் மேசையில இருத்து. எனக்குப் பக்கத்தில."

முதலாம் மேசை நிறைந்துவிட்டது என்றேன். அம்மாவின் தம்பி தவம் மாமாவும் மாமியும் மகனும் அங்கே இருக்கிறார்கள். மூன்று பேர்.

"தவம் ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சைதானே சாப்பிடுறவன். அவனை ஒன்பதுக்கு மாத்து."

தொலைபேசியைக் கேட்டார், இப்போதே பேசுகிறேன் என்று. என் கையிலிருந்து எடுக்கவும் செய்தார். அவர்கள் வெளிக்கிட்டிருப்பார்கள், வழியில் இரண்டு நாள் தங்கி ஞாயிறு காலைதான் வந்து இறங்குவார்கள் என்று ஏதோ சொன்னேன். அப்பா தொலைபேசியைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சரி. நேரில பாக்கிறன். போனில என்னத்தைக் கதைக்கிறது."

அந்த முகத்தில் இருந்தது நிம்மதி. என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியாது.

தாளை உரித்து முதலாம் வட்டத்தில் ஒட்டினேன். பசை போய்விட்டது. சிறிய ஊசியால் குத்தினேன்.

செப்டெம்பர் 6, வெள்ளி

வீடு பிளந்துவிட்டது.

அம்மா அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் சொன்னா: "இருபத்திரண்டு வருசம் இந்த வீட்டுக்கு ஓடியாடினது என்ர தம்பி. அவனை எழுப்பிப்போட்டு அவற்ற தம்பியை இருத்துறியளோ?"

தவம் மாமா தொலைபேசியில் வந்தார். கோபம் இல்லை, பகிடி. "ஒன்பதாம் மேசை நல்லதுதான் மருமோன், அங்கயிருந்து பாத்தா வாசல் நல்லாத் தெரியும், வந்த வழியாலயே போகலாம்." நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும் மூன்று பேரை எழுப்பிவிட்டேன், ஒருவரும் வராத மூன்று கதிரைகளுக்காக.

அப்பா கடைக்குப் போய் இன்னொரு பட்டு வேட்டி சால்வை வாங்கி வந்தார். சித்தப்பாவுக்கு. என்னைக் கூப்பிட்டு, அவன் இப்பவும் என்னளவு உயரம்தானே என்று கேட்டார்.

நான் பேர்கனுக்குப் போனது அப்பாவுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஓம் என்றேன்.

செப்டெம்பர் 7, சனி

அம்மா கட்டாயப்படுத்தினா. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன், தாடியோடு நிற்கலாமோ. ஷேவ் எடுத்தேன். இரண்டு இடத்தில் வெட்டியது.

அக்காவின் இரண்டு கையிலும் மருதாணி. சோறு குழைத்துத் தீத்திவிட்டேன். வாயில் சோற்றோடு கேட்டாள்: "தம்பி, இந்த முறை நடந்திடும் எண்டு ஒருக்காச் சொல்லு."

நடக்கும் என்றேன்.

"ஏன் அழுகிறாய், விசரா. பக்கத்துத் தெருவுக்குத்தானே போறன்."

மிளகாய் என்றேன்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

எழுதவேண்டும். ஒழுங்காக எழுத வராது.

காலை ஒன்பது மணி. மண்டப வாசலில் மாப்பிள்ளை. தோழன்தான் அவருடைய காலைக் கழுவ வேண்டும். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். வலது கால். இடது கால். அவர் குனிந்து என் விரலில் மோதிரம் போட்டார். மேளக்காரர் வெளுத்து வாங்கினார். தண்ணீர் என் கைகளுக்கும் அவருடைய கால்களுக்கும் நடுவே ஓடியது, ஒன்றுமே தெரியாததுபோல.

மணவறையில் அப்பா அக்காவின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார். ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும்போது கண் வாசலில் இருந்தது. இரண்டு முறை ஐயர் அவரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

பத்து நாற்பத்திரண்டுக்குத் தாலி ஏறியது. பூவும் அரிசியும் தலைக்கு மேலே பறந்தன. ஒரு கணம் அவை கீழே விழ மறந்தன என்று நினைக்கிறேன். அக்கா இனி நிரோஜன் வீட்டுப் பெண். எங்கள் துடக்கு அவளை எட்டாது. என்னால் இப்போது யாரிடமும் எதையும் சொல்ல முடியும். வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு இருத்தினோம். முப்பத்திரண்டு வட்டங்களும் மெல்ல நிறைந்தன. பூமணி மாமியின் பாரிசுக்காரர் நான்கு பேராக வந்திருந்தார்கள். எப்படியோ இருந்துகொண்டார்கள். முதலாம் மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று கதிரைகள். மடித்த துணி, கவிழ்த்த கண்ணாடிக் குவளை. பரிமாறுகிறவர் வந்து எடுத்துவிடவா என்று கேட்டார். அப்பா கையால் மறித்தார். ஒன்பதாம் மேசையிலிருந்து தவம் மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து முன்கூடத்துக்கு வந்தார். நான் அங்கே, பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பிளேன் பிந்திட்டுதோ?"

"அப்பா, ஒருக்கா வெளியில வாங்கோ."

கார்த் தரிப்பிடம். நல்ல வெயில். அப்பாவின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"சித்தப்பா வரமாட்டார்."

"கோவமோ?"

"இல்லை அப்பா. செத்துப்போட்டார்."

அப்பா கார்களைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணுகிற மாதிரி. உள்ளேயிருந்து நாதஸ்வரம் மெல்லியதாக, வேறு எவருடைய கலியாணத்திலிருந்தோ வருவது போலக் கேட்டது.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. லீனா எடுத்துச் சொன்னவ."

அறைவார் என்று நின்றேன். அறையட்டும் என்றும் நின்றேன்.

"அப்ப அஞ்சு நாளா நீ தனியத் துடக்குக் காத்தனி," என்றார்.

நான் உதுகளை நம்புறேல்லை என்றேன்.

"அதுதான் புதன்கிழமை தொடக்கம் மீன் தொடாமல் இருந்தனியோ."

அடக்கம் வியாழக்கிழமை என்று சொன்னேன். தலையாட்டினார். சால்வையைக் கழற்றி மடித்து என் கையில் தந்தார்.

"அந்த மூண்டு கதிரையும் சும்மாவோ கிடக்கு?"

"ஓம்."

"தவத்தாரையும் குடும்பத்தையும் கூப்பிட்டு இருத்து. நான் சொன்னதெண்டு சொல்லு. சோறு ஆறப்போகுது."

அப்பா திரும்ப உள்ளே வரவில்லை. நான் போய்த் தவம் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பகிடி ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கவிழ்த்த குவளைகளை நிமிர்த்தினேன். தண்ணீர் ஊற்றினேன்.

குடும்பப் படத்தில் அப்பா இல்லை. வெயிலுக்குத் தலைச்சுற்று என்று அம்மாவிடம் சொன்னோம். வீட்டுக்கு வந்து அக்காவை அனுப்பிய பிறகுதான் அப்பா அம்மாவுக்குச் சொன்னார். அம்மா மீதியிருந்த பலகாரப் பெட்டிகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து அப்பாவின் அருகில் இருந்தா.

செப்டெம்பர் 9, திங்கள்

இரண்டு பயணச்சீட்டு. பேர்கன். பட்டு வேட்டியையும் அப்பா பெட்டியில் வைத்தார்.

செப்டெம்பர் 12, வியாழன்

மழை. சிறிய மரத் தேவாலயம். இருபது பேர் இருக்கலாம். இருத்துவதற்கு ஒருவரும் இல்லை, அவரவர் வந்து அமர்ந்தார்கள்.

அப்பா கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தார். லீனா முன்னாலிருந்து எழுந்து நடந்து வந்தாள். சித்தப்பாவின் நெற்றி. சித்தப்பாவின் நடை. "பெரியப்பா," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை, அப்பாவுக்கு எந்த மொழியும் வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

ஒக்ரோபர் 3, வியாழன்

இன்றோடு எனக்கு முப்பத்தொரு நாள்.

அப்பாவுக்கு இல்லை. ஐயரைக் கேட்டால், செத்த நாளிலிருந்து கணக்கு, பிந்திக் கேட்டவருக்கு மிச்ச நாள்தான் என்பார். அப்பா ஐயரைக் கேட்கவில்லை. தன் காதில் விழுந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணுகிறார். அவருக்கு வருகிற செவ்வாய்தான் முடிகிறது.

மேப்பிள் மரம் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறது. அப்பா முன்னறைச் சோபாவின் நடுவில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத் தாடி, முழுக்க வெள்ளை. இனி நீ குளித்து ஷேவ் எடுத்துக் கோயிலுக்குப் போகலாம் என்றார். இன்று பின்னேரமே போகலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை சேர்ந்து போவோம் என்றேன்.

"உனக்கு முடிஞ்சுது, தம்பி. மிச்சம் அஞ்சு நாளும் என்னுடையது."

"பிந்தித் தொடங்கினது என்னாலதானே அப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையூன்றி, ஒரு ஆள் இருக்கக்கூடிய அளவுக்கு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.